இரும்புக்கு மண் கவசம்

கொல்லனுடைய உலைக்களத்தைக் கண்டிராதவர் மிகச் சிலரே. துருத்தி ஊதுகிறது, கரி கனல்கிறது, கனலுக்குள் கிடக்கும் இரும்புத் துண்டு முதலிற் கருஞ்சிவப்பாகிப் பின்னர்ச் செந்நிறம் பெறுகிறது. குறட்டினால் அதனைப் பற்றியெடுத்துப் பட்டடைமீது வைத்துச் சம்மட்டியால் அடிக்கிறான் கொல்லன். சற்று முன்னர் எத்தனை அடி அடித்தாலும் வளையாதிருந்த இரும்பு, இப்பொழுது அவன் கருத்துக்கு இணங்கி மண்வெட்டியாகவும் கொழுவாகவும் உருமாறுகிறது. அந்த இரும்பு உருகிவிடவில்லை. உருகுநிலைக்கு அது இன்னும் நெடுந்தூரத்தில் இருக்கிறது. இளகியிருக்கிறது, அவ்வளவே.

கொல்லர்கள் பரம்பரை பரம்பரையாக அறிந்திருந்த இந்த எளிய உண்மையை, மாநகரங்களை எழுப்பிய கட்டடக் கலைஞர்கள் ஒப்புக்கொள்வதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது. அதற்குள் பல நகரங்கள் எரிந்தன. பல உயிர்கள் மாண்டன. இரும்பு எரியாத பொருள். ஆகவே இரும்பினாற் கட்டிய கட்டடம் தீக்கு அஞ்ச வேண்டுவதில்லை என்று அவர்கள் எண்ணினார்கள். எரியாதது என்பதும் தீயைத் தாங்குவது என்பதும் ஒன்றல்ல என்ற பாடத்தைத் தீயே அவர்களுக்குக் கற்பித்தது.

உருக்கு உருகுவதற்கு ஏறக்குறைய 1,500 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் 550 முதல் 600 பாகை அளவிலேயே அது தன் வலிமையிற் பாதியை இழந்துவிடுகிறது. மேசைகளும் நாற்காலிகளும் கடதாசிக் கட்டுகளும் நிறைந்த ஓர் அறை முற்றாகத் தீப்பற்றினால், அங்கே வெப்பம் 800 பாகையைக் கடந்து 1,000 பாகைவரை செல்லக்கூடும். தடித்த மர உத்தரமோ வெளிப்புறம் கரியாகி, அந்தக் கரியையே போர்வையாகக் கொண்டு உள்ளிருக்கும் வைரத்தைச் சிறிது காலம் காத்துக்கொள்கிறது. இரும்புக்கு அத்தகைய போர்வை இல்லை. வெப்பத்தை விரைந்து உட்கொண்டு, உடல் முழுவதும் பரப்பி, முழுவதுமாகத் தளர்ந்துபோகிறது. எரிகின்ற மரம் நிற்கும்போது எரியாத இரும்பு விழுகிறது. கேட்போருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். தீயணைப்போருக்கு இது வாழ்நாள் அநுபவம்.

கட்டடத்திற்குள் இரும்பு புகுந்த கதை, தீயைப் பற்றிய அச்சத்திலேதான் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் நூற்பாலைகள் பெருகின. மரத் தளங்கள், மரத் தூண்கள், தரையில் ஊறிய எண்ணெய், காற்றில் மிதக்கும் பஞ்சுத் தூசு, இரவுப் பணிக்கு மெழுகுதிரிகள்: இவையெல்லாம் சேர்ந்த இடத்தில் ஒரு பொறியே போதுமானதாயிருந்தது. 1791ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இலண்டன் மாநகரிலே தேம்ஸ் நதிக்கரையில் நீராவியால் இயங்கிய அல்பியன் மாவாலை எரிந்து பாழாயிற்று. ஆலை முதலாளிகள் கலங்கினார்கள்.

டேர்பி நகரத்து வில்லியம் ஸ்ரட் என்பவர் 1793 அளவில் ஒரு புதுவகை ஆலையைக் கட்டினார். தூண்களை வார்ப்பிரும்பினால் அமைத்தார். தளங்களைச் செங்கல் வளைவுகளாகக் கட்டினார். உத்தரங்களுக்கு மட்டும் மரத்தைப் பயன்படுத்தி, அந்த மரத்தைச் சாந்து பூசி மறைத்தார். அவருடைய நண்பர் சாள்ஸ் பேஜ் மேலும் ஓரடி முன்சென்றார். 1797இல் ஷ்ரூஸ்பரி நகருக்கருகே டிதரிங்டன் என்னுமிடத்திற் கட்டப்பட்ட சணல்நூல் ஆலையில் உத்தரங்களையும் அவர் இரும்பினாலேயே அமைத்தார். உலகில் முழுவதும் இரும்புச் சட்டகத்தின்மேல் நின்ற முதற் கட்டடம் அதுவே. இன்றைய வானளாவிகளுக்கெல்லாம் பாட்டன் என்று அதனைப் போற்றுவர். பல காலம் பாழடைந்து கிடந்த அக்கட்டடம் பழுதுபார்க்கப்பட்டு 2022இல் மீண்டும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இங்கே ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. ஸ்ரட், எரியக்கூடிய மரத்துக்குச் சாந்துப் பூச்சு இட்டார். பேஜ், எரியாத இரும்பைக் கொணர்ந்தார். எரியாததற்குப் பூச்சு எதற்கென்று அதன் அடிப்பகுதியை வெறுமையாக விட்டார். அன்று தொடங்கிய அந்த நம்பிக்கை நெடுங்காலம் நிலைத்தது. இத்தகைய கட்டடங்களுக்குத் 'தீப்பிடியாக் கட்டடம்' என்று பெயரும் சூட்டப்பட்டது. அப்பெயரை நம்பி, ஆறேழு மாடிப் பண்டகசாலைகளை வணிகர்கள் எழுப்பினார்கள். பருத்தி, சணல், சர்க்கரை, கொழுப்பு என எரியும் பொருள்களையெல்லாம் அவற்றிற் குவித்தார்கள்.

அந்தப் பெயரை நம்ப மறுத்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் பிறேட்வூட். எடின்பரோ நகரத் தீயணைப்புப் படையை அமைத்து நடத்தியவர். 1833 முதல் இலண்டன் தீயணைப்பு நிலையங்களின் தலைவராக இருந்தவர். 1849இல் இலண்டன் குடிசார் பொறியியலாளர் கழகத்தின் முன் தீப்பிடியாக் கட்டடங்களைப் பற்றி அவர் ஒரு கட்டுரை படித்தார். இரும்புக்கு எதிராக அவர் கூறிய குற்றச்சாட்டுகளுள் மூன்று முதன்மையானவை. சூடேறிய இரும்பு வலிமையிழக்கிறது. சூடேறிய வார்ப்பிரும்பின்மேல் தண்ணீர் பட்டால் அது வெடித்துப் பிளக்கிறது. மூன்றாவது, வெப்பத்தால் நீளும் இரும்பு உத்தரம், தன்னைத் தாங்கும் சுவர்களையே வெளியே தள்ளிவிடுகிறது. முப்பது அடி நீளமுள்ள ஓர் உத்தரம் 500 பாகைக்குச் சூடேறினால் ஏறக்குறைய 2 அங்குலம் நீளும். இரண்டு அங்குலம் சிறிதென்று தோன்றலாம். ஆனால் ஒரு சுவரை நிலைகுலையச் செய்வதற்கு அது போதும்.

மரக் கட்டடம் விழுமுன் முனகும், சரியும், எச்சரிக்கும். வார்ப்பிரும்புத் தூணோ சொல்லாமல் முறியும். அதனால் எரியும் இரும்புப் பண்டகசாலைக்குள் தம் வீரர்களை அனுப்புவதற்குப் பிறேட்வூட் தயங்கினார். வணிகர்கள் அவரது சொல்லைக் கேட்டார்கள். பண்டகசாலைகளைப் பழைய முறையிலேயே கட்டினார்கள்.

1861ஆம் ஆண்டு யூன் மாதம் 22ஆந் திகதி இலண்டன் ரூலி வீதியில், நதியோரப் பண்டகசாலை ஒன்றிற் புகை எழுந்தது. கட்டடங்களைப் பிரித்து நின்ற இரும்புக் கதவுகள் சாத்தப்படாமற் கிடந்தமையால் தீ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிற்று. களைத்துப்போன தம் வீரர்களைத் தேற்றிக்கொண்டு நின்ற பிறேட்வூட்டின்மேல் ஒரு பெருஞ்சுவர் சரிந்து விழுந்தது. இலண்டன் மாநகரின் தீயணைப்புத் தலைவர் அவ்விடத்திலேயே உயிர் துறந்தார். தீ முற்றாக அணைவதற்கு இரண்டு வாரங்கள் சென்றன. அவர் விட்டுச் சென்ற மூன்று குற்றச்சாட்டுகளும் அவருக்குப் பின்னரும் நெடுநாள் வாழ்ந்தன என்பதை இக்கதையின் முடிவிற் காணலாம்.

இனி, கதை அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து ஐக்கிய அமெரிக்காவுக்குச் செல்கிறது. சிக்காகோ, மிச்சிக்கன் ஏரிக்கரையில் ஓரிரு தலைமுறைக்குள் மளமளவென வளர்ந்த நகரம். வீடுகள் மரம், நடைபாதைகளும் மரம். வணிகப் பகுதியில் மட்டும் இரும்பு முகப்புகளும் இரும்புத் தூண்களும் கொண்ட 'தீப்பிடியா' மாளிகைகள் நின்றன. 1871ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, நகரின் மேற்றிசையில் ஒரு தொழுவத்தருகே தீ மூண்டது. வறண்ட காற்று அதனை நகரின் நடுவே கொண்டு சென்றது. 10ஆந் திகதி மழை பெய்த பின்னரே அது தணிந்தது. ஏறக்குறைய 17,500 கட்டடங்கள் அழிந்தன. 300 பேரளவில் மாண்டனர். 1,00,000 மக்கள் வீடிழந்தனர். தீப்பிடியா மாளிகைகள் நின்ற இடங்களில், முறுகிய இரும்புத் தூண்களும் வளைந்த உத்தரங்களும் மட்டுமே கிடந்தன.

அந்தச் சாம்பரிலிருந்துதான் விடையும் பிறந்தது. ஜோர்ஜ் ஜோன்சன் என்பவர் நியூயோர்க் நகரில் இரும்புக் கட்டட வார்ப்புத் தொழிற்சாலை ஒன்றிற் பணிபுரிந்தவர். இரும்பின் பெருமையை விற்றவர்; ஆகவே அதன் சிறுமையையும் அறிந்தவர். சுட்ட களிமண்ணாற் செய்த, உள்ளே பொந்துகளுள்ள ஓட்டுக் கற்களை உத்தரங்களுக்கிடையே வளைவாகப் பொருத்தித் தளம் அமைக்கும் முறைக்கு 1871இல் அவர் உரிமைப் பத்திரம் பெற்றார். தீக்குப் பின் சிக்காகோவில் எழுந்த கெண்டல் கட்டடத்தில் அம்முறை கையாளப்பட்டது. பீற்றர் வைற் என்னும் கட்டடக் கலைஞர் தூண்களைக் கவனித்தார். இரும்புத் தூணைச் சுற்றிச் சுட்ட மண் ஓடுகளை உடைபோலப் பொருத்தும் வழியை அவரும் அவருடைய கூட்டாளியும் 1874இல் வகுத்தார்கள். பின்னர், களிமண்ணுடன் மரத்தூளைக் கலந்து சுடும் முறையும் வந்தது. சூளையில் மரத்தூள் எரிந்துபோக, அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகளாகும். அத்துளைகளிலே தங்கும் காற்று வெப்பத்தைத் தடுத்துவிடும்.

குயவன் சூளையிற் பிறந்த மண், கொல்லன் உலையிற் பிறந்த இரும்பைக் காக்க முன்வந்தது. மண் ஏற்கெனவே தீயிற் குளித்தது. தீக்கு அது அஞ்சுவதில்லை. அதன் உள்ளே வெப்பம் மிக மெதுவாகவே நுழையும்.

ஆயினும், நல்ல வழியொன்று தெரிந்துவிட்டதனால் மட்டும் மனிதர் அதனைப் பின்பற்றிவிடுவதில்லை. செலவு கூடும் என்று கட்டட உடைமையாளர்கள் தயங்கினார்கள். 1874ஆம் ஆண்டு யூலை மாதத்திற் சிக்காகோ மறுபடியும் எரிந்தது. காப்புறுதிக் கம்பனிகள் பொறுமையிழந்து, நகரம் தன் சட்டங்களைத் திருத்தாவிட்டால் காப்புறுதி வழங்குவதில்லை என்று கூறிப் பின்வாங்கத் தொடங்கின. கருணை செய்யாததைக் கணக்குப் புத்தகம் செய்தது. சிக்காகோவின் புதிய கட்டடங்கள் மண் கவசம் அணியத் தொடங்கின.

இந்தக் கவசம் இல்லாதிருந்தால் வானளாவிகள் தோன்றியிருக்க மாட்டா. 1885இல் வில்லியம் லெ பறன் ஜென்னி சிக்காகோவிற் கட்டி முடித்த 'ஹோம் இன்சூரன்ஸ்' கட்டடம் பத்து மாடிகள் கொண்டது. அதன் பாரத்தின் பெரும்பகுதியைச் சுவர்கள் சுமக்கவில்லை. உள்ளேயிருந்த உலோகச் சட்டகமே சுமந்தது. உத்தரங்கள் சிலவற்றுக்கு உருக்கும் பயன்படுத்தப்பட்டது. சுவர் பாரத்தைச் சுமந்த காலத்தில், தூண் ஒன்று தளர்ந்தாலும் சுவராவது மிஞ்சும். சட்டகமே எல்லாவற்றையும் சுமக்கும் கட்டடத்தில், சட்டகம் தளர்ந்தால் எதுவும் மிஞ்சாது. தீயணைப்போரின் ஏணியும் எட்டாத உயரத்தில் அலுவலகங்கள் அமைந்தன. ஆகவே உயரம் கூடக்கூடக் கவசத்தின் கடமையும் கூடிற்று.

அக்கவசத்துக்குப் பெருஞ் சோதனை 1904ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆந் திகதி பால்டிமோர் நகரில் வந்தது. முப்பது மணி நேரத்துக்கு மேலாக எரிந்த தீ, 140 ஏக்கர் நிலத்தில் 1,500 கட்டடங்களுக்கு மேல் அழித்தது. பிற நகரங்களிலிருந்து தீயணைப்புப் படைகள் புகைவண்டியேறி உதவிக்கு வந்தன. ஆனால் அவை கொண்டுவந்த குழாய்களின் வாய்ப்பூட்டுகள் பால்டிமோர் நகரத் தண்ணீர்க் குழாய்களுக்குப் பொருந்தவில்லை.

அந்த நெருப்பின் நடுவே உருக்குச் சட்டகம் கொண்ட உயர்ந்த கட்டடங்களும் நின்றன. அவற்றுள் பதினாறு மாடிகள் கொண்ட கொன்ரினென்றல் றஸ்ற் கட்டடம் ஒன்று. அதன் சன்னல்கள் உடைந்தன. உள்ளே இருந்த பொருள்களெல்லாம் எரிந்து சாம்பராயின. தீ ஓய்ந்தபின் பொறியியலாளர்கள் உள்ளே சென்று சட்டகத்தைச் சோதித்தார்கள். அது பெரும்பாலும் பழுதின்றி இருந்தது. உட்புறத்தைப் புதுப்பித்து அக்கட்டடத்தை மீண்டும் பயன்படுத்தினார்கள். அது இன்றும் நிற்கிறது. அந்நகர்க் கட்டடங்களை ஆராய்ந்தவர்கள் குறைகளையும் கண்டார்கள். மெல்லிய ஓடுகள் வெப்பத்தால் உடைந்து உதிர்ந்த இடங்களில் உருக்கு நெளிந்திருந்தது. கவசத்தின் பயன் அதன் பெயரில் இல்லை; தடிப்பிலும், பொருத்திய கைத்திறனிலுமே இருக்கிறது என்பது தெளிவாயிற்று.

சட்டகம் நின்றது, வெற்றி என்றார்கள் பொறியியலாளர்கள். ஏழாண்டுகள் கழித்து வேறொரு நகரம் அந்த வெற்றியின் மறுபக்கத்தைக் காட்டிற்று.

1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆந் திகதி, சனிக்கிழமை மாலை. நியூயோர்க் நகரில் ஆஷ் கட்டடம் என்னும் பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் 'றயங்கிள்' என்ற பெயருடைய ஆடைத் தொழிற்சாலை இயங்கிவந்தது. அங்குத் தைத்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைப்பைத் தேடி வந்த குடும்பங்களின் புதல்வியர். வேலை முடியும் வேளையில், எட்டாம் மாடியில் துணித் துண்டுகள் குவிந்த இடத்தில் தீப்பற்றியது. ஒன்பதாம் மாடியில் ஒரு படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தது. வெளிப்புற இரும்பு ஏணி பாரந் தாங்காது பிடுங்கிக்கொண்டு விழுந்தது. தீயணைப்போரின் ஏணி ஆறாம் மாடி அளவிலேயே நின்றுவிட்டது. அரை மணி நேரத்துக்குள் 146 பேர் மாண்டனர். அவர்களிற் பலர் சன்னல்களிலிருந்து குதித்து மாண்டவர்கள்.

கட்டடத்துக்கு என்ன நேர்ந்தது? ஒன்றும் நேரவில்லை. அது தீப்பிடியாக் கட்டடம் என்று கட்டப்பட்டது, அவ்வாறே நின்றது. இன்று அது நியூயோர்க் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான கட்டடமாக அதே தெருவில் நிற்கிறது. அடுப்பு எரிவதில்லை, அடுப்புக்குள் இருப்பதே எரிகிறது. உருக்கையும் சுவரையும் காப்பாற்றக் கற்றுக்கொண்ட மனிதன், அவற்றினுள்ளே இருப்போரைக் காப்பாற்ற மறந்துவிட்டான் என்பதை 146 சவப்பெட்டிகள் உலகுக்குக் கூறின.

அந்த நாளுக்குப் பின் சட்டங்களின் போக்கு மாறிற்று. வெளியேறும் வழிகள், வெளிப்புறமாகத் திறக்கும் கதவுகள், தீப்புகா படிக்கட்டுகள், தானாக நீர் தெளிக்கும் குழாய்கள் ஆகியவை விவாதப் பொருளாயின. 'தீப்பிடியாக் கட்டடம்' என்ற பழைய பெருமைச் சொல்லையும் அறிஞர்கள் மெல்ல மெல்லக் கைவிட்டார்கள். 'தீத்தாங்கும் கட்டடம்' என்ற அடக்கமான சொல் வந்தது. தாங்கும் என்றவுடன் ஒரு வினாவும் எழுகிறது: எவ்வளவு நேரம் தாங்கும்?

அந்த வினாவுக்கு விடை காணப் பேச்சுப் போதாது, உலை வேண்டும். இலண்டனில் எட்வின் சாக்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் 1897இல் பிரித்தானியத் தீத்தடுப்புக் குழுவைத் தோற்றுவித்து, தளங்களையும் கதவுகளையும் உண்மைத் தீயிற் சோதித்து அறிக்கைகள் வெளியிட்டார். அமெரிக்காவில் 1918இல் பொருட் சோதனைச் சங்கம் ஒரு பொது அளவுகோலை ஏற்படுத்தியது. அதன்படி சோதனை உலையின் வெப்பம் ஐந்தாம் நிமிடத்தில் 538 பாகையாகவும், ஒரு மணி முடிவில் 927 பாகையாகவும், நான்கு மணி முடிவில் 1,093 பாகையாகவும் இருத்தல் வேண்டும். உலகெங்கும் எந்தத் தூணையும் எந்தச் சுவரையும் ஒரே வகையான தீயினால் அளக்க இதனால் வழி பிறந்தது. ஒரு நூற்றாண்டு கடந்தும் அந்த அளவுகோல் கையாளப்பட்டு வருகிறது.

பாரத்தைச் சுமந்த உருக்குத் தூண்களை உலைக்குள் நிறுத்திச் சோதித்தார்கள். வெறுமையான தூண் கால்மணி நேர அளவிலேயே வளைந்து வீழ்ந்தது. கொங்கிறீற்றுப் போர்வையணிந்த தூணோ மணிக்கணக்கில் நின்றது. வாஷிங்டன் நகரின் அரசாங்க ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சைமன் இங்பேர்க் இன்னொரு வினாவை எழுப்பினார்: உண்மையான ஓர் அலுவலகம் எரிந்தால் அத்தீ எவ்வளவு கொடியதாயிருக்கும்? மேசை, அலுமாரி, கடதாசி எல்லாவற்றையும் நிறுத்து வைத்து அறைகளை எரித்துப் பார்த்தார். ஒரு சதுர அடிக்குப் பத்து இறாத்தல் எரிபொருள் இருந்தால், அது ஏறக்குறைய ஒரு மணி நேர உலைச் சோதனைக்கு ஈடாகும் என்று 1928இல் வெளியிட்டார். அதன்பின் கவசத்தை ஊகத்தால் அன்றிக் கணக்கால் அமைக்க முடிந்தது.

கவசத்துக்குரிய பொருள்களும் மாறின. கனமான ஓடுகளுக்குப் பதிலாக இலேசான பொருள்கள் வந்தன. அவற்றுள் ஜிப்சச் சாந்து வியப்பூட்டுவது. அதன் எடையில் ஐந்திலொரு பங்கு, கண்ணுக்குப் புலனாகாது கட்டுண்டு கிடக்கும் நீர். தீ வரும்போது முதலில் அந்நீர் ஆவியாக வேண்டும். அதுவரையும் சாந்தின் பின்னாலுள்ள உருக்கு, தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேற் பெரிதும் செல்வதில்லை. வேறொரு வகைப் பூச்சு சாதாரண வர்ணம்போலவே காட்சியளிக்கும். சூடு பட்டவுடன் எண்ணெயிலிட்ட அப்பளம்போலப் பொங்கிப் பருத்துக் காற்றறைகள் நிறைந்த போர்வையாகிவிடும். பிற்ஸ்பேர்க் நகரில் 1971 அளவில் முடிவுற்ற 64 மாடிக் கட்டடமொன்றின் வெளித்தூண்களுக்குள் தண்ணீரையே நிரப்பி வைத்தார்கள்.

இப்பொருள்களுள் ஒன்று நண்பனாக வந்து பகையாக முடிந்தது. 1930களில் வழக்கிற்கு வந்த தெளிப்பு அஸ்பெஸ்ரஸ், குழாயாற் பீச்சியவுடன் உருக்கில் ஒட்டிக்கொண்டது, விலையும் மலிவு, தீயையும் தாங்கிற்று. ஆனால் அதன் நுண்ணிழைகள் தொழிலாளரின் நுரையீரலிற் புகுந்து புற்றுநோயை விளைத்தன. அமெரிக்காவில் 1973இல் அவ்வாறு தெளிப்பது தடைசெய்யப்பட்டது. எப்போதோ வரக்கூடிய தீயிலிருந்து கட்டடத்தைக் காப்பதற்கு, நாள்தோறும் அங்கு உழைத்தவர் தம் மூச்சை விலையாகக் கொடுத்திருந்தனர்.

கற்ற பாடம் மறப்பதும் மனித இயல்பு. மண் கவசம் பிறந்த அதே சிக்காகோவில், ஏரிக்கரையில், 1960இல் மக்கோமிக் பிளேஸ் என்னும் மாபெரும் கண்காட்சி மண்டபம் திறக்கப்பட்டது. அதன் கூரையைத் தாங்கிய உருக்குச் சட்டங்களுக்குக் கவசம் இடப்படவில்லை. தரையிலிருந்து இருபது அடிக்கு மேலுள்ள கூரைச் சட்டங்களுக்குக் கவசம் வேண்டுவதில்லை என்று சட்டம் இடந்தந்தது. அத்தனை உயரத்துக்குத் தீயின் வெம்மை எட்டாது என்று எண்ணினார்கள். 1967ஆம் ஆண்டு ஜனவரி 16ஆந் திகதி அதிகாலையில், கண்காட்சிக்காக அமைத்திருந்த மரச் சாவடிகளில் தீப்பற்றியது. தீயணைப்போர் திறந்த நீர்க் குழாய்களுட் சில தண்ணீர் தரவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற் கூரை இடிந்து வீழ்ந்தது. ஒரு காவலாளி உயிரிழந்தார். பகலில் அந்த மண்டபம் மக்களால் நிறைந்திருந்தபோது தீ மூண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணி நகரம் நடுங்கிற்று. எரியாத இரும்பு என்ற பழைய நம்பிக்கை, 'எட்டாத உயரம்' என்ற புதிய வேடத்தில் வந்து மீண்டும் ஏமாற்றியிருந்தது.

அதற்கு மாறான ஓர் அநுபவமும் உண்டு. 1990ஆம் ஆண்டு யூன் மாதம் இலண்டன் புறோட்கேற் பகுதியில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 14 மாடிக் கட்டடத்தில் தீப்பற்றி நாலரை மணி நேரம் எரிந்தது. உருக்கின் பெரும்பகுதிக்கு இன்னும் கவசம் இடப்படவில்லை. எனினும் கட்டடம் இடியவில்லை. காரணத்தை அறிய விரும்பிய ஆராய்ச்சியாளர்கள், காடிங்டன் என்னுமிடத்தில் ஆகாயக் கப்பல்களுக்காகக் கட்டப்பட்ட பழைய கொட்டகைக்குள் எட்டு மாடிக் கட்டடமொன்றையே எழுப்பி, 1995இலும் 1996இலும் அதற்குத் தீயிட்டுப் பார்த்தார்கள். தூண்களுக்குக் கவசமிருந்தால், வெறுமையான உத்தரங்கள் தளர்ந்த பின்னும் கம்பிவலை பதித்த கொங்கிறீற்றுத் தளம் தொட்டிற் சேலைபோலத் தொய்ந்து நின்று பாரத்தைத் தாங்குவதைக் கண்டார்கள். உலையிலிடும் தனித் தூணின் நடத்தை வேறு. உறுப்புகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் முழுக் கட்டடத்தின் நடத்தை வேறு.

முழுக் கட்டடத்தின் நடத்தை எப்போதும் நன்மையாகவே முடியும் என்பதுமில்லை. 2001ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11ஆந் திகதி நியூயோர்க் உலக வர்த்தக நிலையத்தின் 110 மாடிக் கோபுரங்கள் இரண்டின்மீது விமானங்கள் மோதவிடப்பட்டன. மோதலிலும் கோபுரங்கள் விழவில்லை. ஆனால் மோதிய இடங்களில் உருக்கின்மேல் தெளித்திருந்த மெல்லிய கவசம் உதிர்ந்துபோயிற்று. வெறுமையான உருக்கைப் பல மாடிகளில் மூண்ட தீ தளர்த்திற்று. தென் கோபுரம் 56 நிமிடங்களிலும் வட கோபுரம் 102 நிமிடங்களிலும் வீழ்ந்தன. அன்று மாலை, விமானம் மோதாத 47 மாடிக் கட்டடமொன்றும், ஏறக்குறைய ஏழு மணி நேரம் எரிந்தபின் வீழ்ந்தது. அதனை ஆராய்ந்த அமெரிக்க அரசாங்க நிறுவனம் 2008இல் தன் முடிவை வெளியிட்டது. வெப்பத்தால் நீண்ட தள உத்தரங்கள், ஒரு பெரிய உத்தரத்தை அதன் இருக்கையிலிருந்து தள்ளிவிட்டன என்பதே அம்முடிவு. நீளும் இரும்பு தன்னைத் தாங்குவதையே தள்ளிவிடும் என்று 1849இல் பிறேட்வூட் கூறியது, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பின்னும் உண்மையாயிற்று.

அந்தக் கொடிய நாளிலும் கவசம் வீணாகவில்லை என்பதை ஒரு கணக்குக் காட்டுகிறது. மோதல் நிகழ்ந்த வேளையில் இரு கோபுரங்களிலும் ஏறக்குறைய 17,400 பேர் இருந்தனர் என்று அதே நிறுவனம் மதிப்பிட்டது. விமானம் மோதிய மாடிகளுக்குக் கீழே இருந்தவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் உயிருடன் வெளியேறினர். 56 நிமிடங்கள், 102 நிமிடங்கள் என்ற எண்களுக்கு உள்ள பொருள் அதுவே. அவை படிக்கட்டில் இறங்கிய ஆயிரக்கணக்கான மக்களுக்குக் கிடைத்த நேரம். மோதிய மாடிகளுக்கு மேலே இருந்தவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கோ இறங்கும் வழிகள் அறுந்துபோயின. அவர்களுக்கு அந்நேரம் பயன்படவில்லை.

உருக்கின்மேற் பூசும் சாந்தும், சுற்றும் ஓடும், பொங்கும் வர்ணமும் தீயை வெல்வன அல்ல. அவை நேரத்தை வாங்கித் தருவன. வாங்கிய நேரத்தைப் பயன்படுத்துவதற்குத் திறந்த கதவு வேண்டும். அகன்ற படிக்கட்டு வேண்டும். குழாயில் தண்ணீர் வேண்டும். ஆஷ் கட்டடத்தில் நேரம் இருந்தும் கதவு இல்லை. மக்கோமிக் மண்டபத்தில் கதவுகள் இருந்தும் கூரைக்கு நேரம் இல்லை. இரண்டும் ஒருங்கே அமைந்த கட்டடத்தையே பாதுகாப்பான கட்டடம் என்று கூறலாம்.

மேற்கூரையின் பலகைக்கு மேலே, எவர் கண்ணிலும் படாத இடத்தில், உருக்கு உத்தரமொன்றின்மேற் சாம்பல்நிறச் சாந்து பூசியிருக்கும். மின்கம்பி இழுக்க வந்தவர் அதில் ஒரு சாண் அளவு சுரண்டிவிட்டுப் போயிருக்கலாம். அதனை மீண்டும் பூசி வைப்பது ஒரு நாட் கூலிக்குரிய சிறு வேலை. அந்த ஒரு சாண் வெறுமைதான், தீ வரும் நாளில், கொல்லனின் உலையிற் கிடந்த இரும்பைப்போல முதலிற் சிவக்கும்.